பிரெஞ்சு பிரஸ்ஸா, ஃபில்டரா, கோப்பிப் பையா? சிங்கப்பூர் வீட்டுக்கு எது பொருந்தும்

எந்தப் பாத்திரம் வாங்குவது என்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: உங்கள் கோப்பையில் பால் எவ்வளவு? பாதிக்கு மேல் பால் ஊற்றிக் குடிக்கிறவர் பிரெஞ்சு பிரஸ் (அடியில் வலை பொருத்திய தண்டு உள்ள குவளை) வாங்கினால், ஒரு மாதத்தில் அது அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிடும். பால் விடாமலோ, பெயருக்கு ஒரு கரண்டி விட்டோ குடிக்கிறவர் தென்னிந்திய ஃபில்டரோடு தினமும் மல்லுக்கட்டுவதிலும் பொருள் இல்லை. விலை, தோற்றம், சுத்தம் செய்யும் வசதி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

காரணம் வெறும் கணக்கு. பிரெஞ்சு பிரஸ்ஸில் 1 கிராம் தூளுக்கு 15 அல்லது 16 கிராம் தண்ணீர் விடுகிறோம். ஃபில்டரில் 1 கிராமுக்கு 5 கிராம்தான். 30 கிராம் தூளின் மேல் 150 மில்லி கொதிநீர் ஊற்றினால், தூள் தன் எடையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு தண்ணீரைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். கீழே இறங்குவது 90 மில்லி டிகாஷன். 30 மில்லி டிகாஷனுக்கு 90 மில்லி பால் என்று கலந்தால் மூன்று டம்ளர் தேறும், அத்தனை பாலுக்கு நடுவிலும் காப்பி ருசிக்கும். அதே 90 மில்லி பாலை 30 மில்லி பிரஸ் காப்பியில் ஊற்றிப் பாருங்கள். நிறம் மாறிய பால்தான் கிடைக்கும்.

பிரஸ்ஸிலேயே தூளைக் கூட்டி டிகாஷன் மாதிரி எடுக்கலாமே என்று பலர் முயல்வதுண்டு. 1 கிராமுக்கு 8 கிராம் என்ற அளவில் போட்டு 10 நிமிடம் ஊறவிட்டால் ஓரளவு கெட்டியாக வரும். ஆனால் தண்ணீர் குறைந்துவிட்டதால் தூளில் இருப்பது முழுதாகக் கரைந்து இறங்காது. கெட்டியாக இருந்தாலும் புளிப்புத் தூக்கலாக நிற்கும், தூளும் வீணாகும். அவசரத்துக்கு ஆகும், அன்றாடத்துக்கு ஆகாது.

தேக்காவில் வாங்கிய தூளைப் பிரஸ்ஸில் போட்டால்

தமிழ் வீடுகளில் பிரெஞ்சு பிரஸ்மீது வரும் குறைகளில் பெரும்பாலானவை பாத்திரத்தின் குறையே அல்ல. தேக்காச் சந்தையிலோ முஸ்தபா கடையிலோ வாங்கிய ஃபில்டர் காப்பித்தூளை அப்படியே அதில் கொட்டியதன் விளைவு. அந்தத் தூள் மெதுவாகச் சொட்டும் ஃபில்டருக்காக நைசாக அரைக்கப்பட்டது. கூடவே பெரும்பாலான பொட்டலங்களில் சிக்கரி இருக்கும். 20, 30 விழுக்காடு என்பது வழக்கமான கலவை. 40ஐத் தாண்டுவதும் உண்டு. இந்திய விதிப்படி 49 விழுக்காடு வரை போகலாம். பொட்டலத்தின் பின்பக்கம் அச்சிட்டிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள்.

இந்த நைசுத் தூள் பிரஸ்ஸின் கம்பி வலைக்கு அடியில் சேறுபோல் படிந்து அடைத்துக்கொள்ளும். தண்டு இறங்காது. இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்துவோம் என்று தோன்றும் இடம்தான் ஆபத்தான இடம். அடைபட்ட கொதிநீர் வலையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு மேலே பீய்ச்சும், கண்ணாடி விரிசல் விடவும் கூடும். தண்டு கையின் எடைக்கே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே தூக்கி, சில விநாடி விட்டு, மறுபடி மெதுவாக இறக்குங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் அழுத்தாமல் மூடியோடு வெளியே எடுத்துவிட்டு, தேநீர் வடிகட்டியில் வடித்துக் குடித்துவிடுவது நல்லது.

சிக்கரி தனியாக ஒரு சிக்கல். அது காப்பியைவிட மிகுதியாக நீரில் கரைவது. நான்கு நிமிடத்துக்கு மேல் வெந்நீரில் கிடந்தால் வேர்க் கசப்பும் கருவெல்ல வாசமும் காப்பியை மூடிவிடும். பாலோடு சேரும்போது அதே குணம்தான் டிகாஷனுக்குக் கனமும் நிறமும் கொடுக்கிறது. கடுங்காப்பியில் அதற்கு இடமில்லை. பிரஸ்ஸுக்குச் சிக்கரி கலக்காத தூள், அதுவும் கொரகொரப்பாக அரைத்தது வேண்டும். இந்தியக் கொட்டைதான் வேண்டும் என்பவர்கள் பீபெர்ரி அல்லது பிளாண்டேஷன் ஏ என்ற தர வகைகள் கொட்டையாகக் கிடைத்தால் வாங்கி வீட்டில் அரைத்துக்கொள்ளலாம்.

அரைக்கும் அளவுக்கு நம் அடுக்களையிலேயே உவமை இருக்கிறது. பிரஸ்ஸுக்குச் சம்பா கோதுமை ரவை பருமன். காப்பிக்கடைக் கோப்பி வடிக்கும் துணிப்பைக்குப் பம்பாய் ரவை. ஃபில்டருக்கு, விரலில் தேய்த்தால் லேசாக நறநறக்கும் மாவு. இந்த மூன்றையும் மாற்றிப் போடாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மிக்ஸியில் அரைக்கலாமா? அரைக்கலாம், ஆனால் அதன் கத்தி கொட்டையை அரைப்பதில்லை, வெட்டிச் சிதறடிக்கிறது. ஒரே நேரத்தில் பாதிக் கொட்டையும் பொடித்தூளும் சேர்ந்தே வரும். பொடி சீக்கிரம் கசப்பை இறக்கும், பருக்கை ருசியை விடாமல் வைத்துக்கொள்ளும். ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் சண்டை போடுவது இதனால்தான். வேறு வழியில்லை என்றால் இரண்டு விநாடி ஓட்டி நிறுத்தி, குலுக்கி, மறுபடி இரண்டு விநாடி என்று எட்டுப் பத்துத் தடவை செய்து, மாவுச் சல்லடையில் ஒருமுறை சலித்துப் பொடியை நீக்கிவிடுங்கள். கையில் இருக்கும் பணத்தில் விலையுயர்ந்த பிரஸ் வாங்குவதா, சாதாரண பிரஸ்ஸும் கையால் சுற்றும் நல்ல அரைவை இயந்திரமும் வாங்குவதா என்றால் தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். பிரஸ் என்பது ஒரு குவளையும் வலையும்தான். ருசி அரைவையில் இருக்கிறது.

பிரஸ்ஸில் போடும் முறை

500 மில்லி தண்ணீர் கொள்ளும் அளவுக்குச் சொல்கிறேன். தூள் 32 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், வறுவலைப் பொறுத்து ஒரு கரண்டியின் எடை மாறும். கருக வறுத்த கொட்டை உப்பி எடை குறைந்திருக்கும். 1 கிராம் துல்லியமுள்ள சமையல் தராசு போதும்.

தண்ணீருக்குப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குழாய்நீரே தாராளமாகப் போதும். அதில் கிருமி நீக்கத்துக்கு குளோராமின் சேர்க்கிறார்கள். கொதிக்கவைத்தால் அது எளிதில் போகாது. மூக்கு கூர்மையானவர்களுக்கு லேசான வாசம் தெரியும். கரி வடிகட்டி உள்ள குடுவையில் ஊற்றி எடுத்தால் தீர்ந்தது. தாதுக்களை முற்றிலும் நீக்கிய புட்டிநீர் வேண்டாம், காப்பி தட்டையாக வரும்.

சிங்கப்பூர் கடல்மட்டத்தில் இருப்பதால் கெட்டில் 100 டிகிரியில் கொதிக்கும். பெங்களூரில் உறவினர் வீட்டில் பார்த்த பக்குவம் இங்கே சற்றுக் கடுமையாக விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே 97ஐ ஒட்டியே கொதித்துவிடும். இலேசாக வறுத்த கொட்டைக்குக் கெட்டில் நின்றதும் ஊற்றலாம். நடுத்தர வறுவலுக்கு அரை நிமிடம் பொறுங்கள். கறுத்து எண்ணெய் பளபளக்கும் வறுவலுக்கு மூடியைத் திறந்து வைத்து இரண்டு நிமிடமாவது ஆறவிட வேண்டும்.

முதலில் வெந்நீர் ஊற்றிக் குவளையைச் சூடேற்றிக் கொட்டிவிடுங்கள். குளிரூட்டி ஓடும் அறையில் இதை விடவே கூடாது. தூளைப் போட்டு, தராசின் மேல் வைத்து, 500 கிராம் தண்ணீரைத் தூள் முழுதும் நனையும்படி ஊற்றுங்கள். தண்டை இறக்காமல் மூடி வைத்து 4 நிமிடம். மேலே தடித்த ஏடு கட்டியிருக்கும். அதை மரக்கரண்டியால் மூன்று முறை கிளறினால் தூளின் பெரும்பகுதி அடியில் இறங்கிவிடும். உலோகக் கரண்டி வேண்டாம், சூட்டில் இருக்கும் கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒரு கீறல் போதும், வேறொரு நாள் அந்த இடத்தில் உடையும். மேலே மிதக்கும் நுரையையும் சில்லுகளையும் இரண்டு கரண்டியால் வழித்தெடுங்கள்.

இதற்குப் பிறகுதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். இன்னும் 4, 5 நிமிடம் சும்மா விட வேண்டும். அதிகம் ஊறினால் கசக்காதா என்ற அச்சம் இயல்பானது. தூள் அடியில் படிந்துவிட்டது, சூடும் இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் புதிதாகக் கரைந்து இறங்குவது மிகக் கொஞ்சம். அதற்குப் பதிலாகக் கிடைப்பது தெளிவு, நுண்பொடி தானே கீழே உட்கார்ந்துவிடும். பிறகு தண்டை அடிவரை தள்ளாமல் காப்பியின் மேற்பரப்பைத் தொட்டதும் நிறுத்துங்கள். அடிவரை தள்ளினால் படிந்த பொடி மறுபடி கலங்கி எழும். பிரஸ் காப்பி என்றாலே அடியில் சகதி என்று பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த அழுத்தல்தான். வலையை இங்கே அமுக்கும் கருவியாக நினைக்காமல் வடிகட்டியாகவே நினையுங்கள். மெல்லச் சாய்த்து ஊற்றி, கடைசி 40 மில்லியைக் குவளையிலேயே விட்டுவிடுங்கள். குடிக்க ஏறத்தாழ 400 மில்லி வரும், இரண்டு பேருக்கு ஒரு காலை. உடனே குடிக்கவில்லை என்றால் முழுவதையும் பிளாஸ்க்கில் மாற்றிவிட வேண்டும். தூளின் மேலேயே மணிக்கணக்கில் விட்டால்தான் கசப்பு ஏறும்.

ருசி சரியில்லை என்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று புளித்து, விழுங்கியதும் ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் நைசாக அரையுங்கள், அல்லது தண்ணீரை இன்னும் சூடாக ஊற்றுங்கள். தொண்டையில் வறட்டும் கசப்பு நின்றால் அரைவையைக் கொரகொரப்பாக்குங்கள். புளிப்பும் கசப்பும் இல்லாமல் வெறுமனே நீர்த்திருந்தால் தூளை 32லிருந்து 35 கிராமாக்குங்கள். பழைய எண்ணெய் வாடை வந்தால் காப்பியைக் குறை சொல்லாதீர்கள், வலையைக் கழற்றிப் பாருங்கள்.

நம் தட்பவெப்பத்தில் அந்த வலை பெரிய விஷயம். தண்டின் அடியில் மூன்று அடுக்கு இருக்கும்: சுருள்கம்பித் தட்டு, வலை, குறுக்குத் தட்டு. திருகைச் சுற்றினால் மூன்றும் பிரியும். தினமும் குழாயடியில் காட்டிவிட்டு அப்படியே வைத்தால் அடுக்குகளுக்கிடையில் தூளும் எண்ணெயும் தங்கி, இந்த ஈரப்பதத்தில் இரண்டே நாளில் நாற்றமெடுக்கும். தினமும் பிரித்துக் கழுவிக் காயவிடுங்கள். வாரம் ஒருமுறை, வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு அரைமணி நேரம் ஊறவையுங்கள். வடித்து மிஞ்சிய தூளைக் கழுவுதொட்டியில் கொட்டினால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறைக் குழாய் அடைத்துக்கொள்ளக்கூடும். சல்லடையில் வடித்து, பையில் கட்டிக் குப்பைக் குழாயில் போடுங்கள்.

ஃபில்டர்: எங்கே தடுக்கிறது

ஃபில்டர் வைத்திருக்கும் வீடுகளுக்கு முறை சொல்லத் தேவையில்லை, தடுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். டிகாஷன் இறங்கவே இல்லை என்றால் ஒன்று தூளைக் குடை வைத்துப் பலமாக அமுக்கியிருப்பீர்கள், அல்லது துளைகள் அடைபட்டிருக்கும், அல்லது இரண்டு பாத்திரத்துக்கும் நடுவே காற்று அடைபட்டிருக்கும். மேல் பாத்திரத்தை அரை அங்குலம் தூக்கி மறுபடி வைத்தால் மூன்றாவது சரியாகிவிடும். ஐந்தே நிமிடத்தில் மளமளவென்று இறங்கி வெளிறியிருந்தால் தூள் கொரகொரப்பு. 15 முதல் 20 நிமிடத்தில் சொட்டி முடிவது நல்ல கணக்கு. முதலில் 20 மில்லி மட்டும் வட்டமாக விட்டு, அரை நிமிடம் பொறுத்து மீதியை ஊற்றினால் தூள் சீராக நனையும்.

இங்கே ஊரைவிட ஒரு தொல்லை கூடுதல். சிக்கரி காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியாகும் குணமுடையது. அரைக்கிலோ பொட்டலம் மலிவாகத் தெரிந்தாலும் சிறு குடும்பத்துக்கு 200 கிராமே நல்லது. இறுக மூடும் டப்பாவில் அலமாரிக்குள் வையுங்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த தூளின் மேல் படியும். அதைவிட வெளியே இருப்பதே மேல். டிகாஷனை மட்டும் மதியத்துக்கு மேல் வெளியில் விடாதீர்கள். மூடிய புட்டியில் குளிரில் வைத்தால் மறுநாள் காலைவரை தாங்கும்.

கோப்பிப் பை

காப்பிக்கடைக் கோப்பியின் ருசி வீட்டில் வேண்டும் என்றால் பிரஸ்ஸும் ஃபில்டரும் உதவாது, ஏனெனில் அங்கே கொட்டையே வேறு. பெரும்பாலும் ரோபஸ்டா, சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது. கருகிய சர்க்கரைதான் அந்தக் கறுப்புக்கும் கனத்துக்கும் காரணம். ரோபஸ்டாவில் காஃபின் அராபிகாவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பதால் இரவில் குடிப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

புதுப் பையை முதலில் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டுக் கஞ்சி வாடையைப் போக்குங்கள். 40 கிராம் கோப்பித்தூளைப் பாத்திரத்தில் போட்டு 400 மில்லி கொதிநீர் ஊற்றி, கிளறி, 4, 5 நிமிடம் கழித்துப் பை வழியாக இன்னொரு பாத்திரத்துக்கு வடித்து, மறுபடி ஒருமுறை அதே பை வழியாக விட்டால் கெட்டியான சாறு தயார். அதில் எவ்வளவு வெந்நீர் கலக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் காவும் (கெட்டியானது) போவும் (நீர்த்தது). கெட்டிப்பால் சேர்த்தால் கோப்பி, நீர்வற்றிய பாலும் சீனியும் என்றால் கோப்பி சி, சீனி மட்டும் என்றால் ஓ.

பையைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது, அந்த வாசம் அடுத்த கோப்பியில் வரும். அலசி, பிழிந்து, சன்னலோரம் முழுதாகக் காயவிடுங்கள். டிசம்பர் மழையில் காய வழியில்லை என்றால் பிளாஸ்டிக் உறையில் சுற்றி உறைபெட்டியில் வைக்கலாம். புளித்த வாடை வந்துவிட்டால் துவைத்துப் பயனில்லை, புதிது வாங்குங்கள். மூன்றிலும் மலிவானது இதுதான், பராமரிப்பு கேட்பதும் இதுதான்.

பெங் குடிப்பவர்களுக்கு

குளிர்ந்த காப்பி என்று வந்தால் பிரெஞ்சு பிரஸ்ஸுக்கு நிகர் இல்லை, பால் விடும் வீட்டிலும் இதற்காக ஒன்று வைத்திருக்கலாம். 60 கிராம் கொரகொரப்பான தூள், 480 மில்லி சாதாரணத் தண்ணீர். கிளறி, தண்டை இறக்காமல் மூடி, குளிர்பதனப் பெட்டியில் 14 மணி நேரம். இரவு எட்டுக்கு வைத்தால் காலை பத்துக்கு எடுக்கலாம். தண்டை மெதுவாக இறக்கி, வடித்ததைத் துணியிலோ தாள் வடிகட்டியிலோ இன்னொரு முறை விட்டால் 350 மில்லிக்குக் குறையாமல் சாறு கிடைக்கும். சரிபாதி தண்ணீரும் பனிக்கட்டியும் சேர்த்துக் குடியுங்கள். குளிர்நீரில் கசப்பு அதிகம் இறங்காததால் சீனி இல்லாமலே பலருக்கு ஒத்துப்போகும். மூன்று நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். சூடாகப் போட்ட காப்பியை அப்படியே பனிக்கட்டியில் ஊற்றினால் வரும் நீர்த்த ருசி இதில் இல்லை.

கொழுப்பு

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். காப்பி எண்ணெயில் காஃபெஸ்டால், கஹ்வியோல் என்று இரண்டு பொருள்கள் உண்டு. இரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டும் தன்மை உடையவை. தாள் வடிகட்டி அவற்றைப் பெரும்பாலும் பிடித்து நிறுத்திவிடும், கம்பி வலை விட்டுவிடும். ஆகவே பிரஸ் காப்பி தினம் நாலைந்து கோப்பை குடிப்பவர், அதுவும் ஏற்கெனவே கொழுப்பு கூடுதல் என்று மருத்துவர் சொல்லியிருப்பவர், பிரஸ்ஸிலிருந்து ஊற்றும்போது ஒரு தாள் கூம்பு வழியாக ஊற்றிக்கொள்வது நல்லது. ருசியின் கனம் கொஞ்சம் குறையும்.

மற்றவை

1933இல் இத்தாலியில் வந்த, அடுப்பில் வைத்து நீராவி அழுத்தத்தால் காப்பி இறக்கும் மோக்கா பானை பாலுக்கும் ஈடுகொடுக்கும் கெட்டிக் காப்பி தரும், ஆனால் அலுமினியப் பானை மின்காந்த அடுப்பில் சூடாகாது. அந்த அடுப்பு இருக்கும் வீடுகள் எஃகுப் பானை பார்க்க வேண்டும். 2005இல் வந்த, கையால் அழுத்திக் காப்பி வடிக்கும் குழலான ஏரோபிரஸ் தனியாள் அறைக்கும் அலுவலகத்துக்கும் அருமை. குடும்பத்துக்குச் சிறிது.

எந்த வீட்டுக்கு எது

பெரியவர்கள் காலையும் மாலையும் டம்ளரில் பால்காப்பி கேட்கும் வீட்டுக்கு எஃகு ஃபில்டர்தான், பேச்சே வேண்டாம். டம்ளருக்கு 10 கிராம் தூளோடு முடிந்துவிடும்; பிரஸ்ஸில் 250 மில்லிக்கு 16 கிராம் செலவாகும், சிறப்புக் கொட்டையின் விலையில் அது மாதக் கடைசியில் தெரியும். கடுங்காப்பி குடிக்கும் தம்பதிக்கு அல்லது வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்குப் பிரஸ். பால் வேண்டும் ஆனால் கொஞ்சம் போதும் என்பவர்கள் பிரஸ்ஸில் 500 மில்லிக்கு 40 கிராம் போட்டு, கோப்பைக்கு 30 மில்லி சுடுபால் சேர்த்துப் பாருங்கள். குளிர்ந்த பால் கோப்பையின் சூட்டை இழுத்துவிடும். இரண்டு வகைக் குடியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் இரண்டும் வாங்கிவிடுங்கள், ஒன்றை மற்றதாக்க முயல்வதைவிட அது சிக்கனம்.

பிரஸ் என்று முடிவானால் அளவைக் கவனியுங்கள். அட்டையில் 8 கோப்பை என்று போட்டிருந்தால் அது 1 லிட்டர், 3 கோப்பை என்றால் 350 மில்லி. ஒரு கோப்பையை 120 மில்லி சொச்சமாகக் கணக்கிடுகிறார்கள். பெரியதை வாங்கிக் கால்வாசி நிரப்பினால் சூடு நிற்காது. கண்ணாடியில் ஏடு கட்டுவது தெரியும், பழகுகிறவர்களுக்கு அது உதவி. சிறுபிள்ளைகள் ஓடும் வீட்டுக்கு இரட்டைச் சுவர் எஃகு. எதை எடுத்தாலும், மாற்று வலையும் மாற்றுக் கண்ணாடியும் தனியாகக் கிடைக்குமா என்று கடையிலேயே கேட்டு வாங்குங்கள். வலையின் ஓரம் வளைந்து குவளைச் சுவரை ஒட்டாமல் போனால் தூள் அந்த இடைவெளி வழியாக நேரே கோப்பைக்கு வந்துவிடும், அதைக் கையால் நிமிர்த்திச் சரிசெய்ய முடியாது.